முகம் பார்க்காத எண்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம். செம்பட்டி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் நிற்க இடமில்லை. திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் பிரிகிற பேருந்துகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, கணினி முன் உட்கார்ந்திருந்த இளைஞர் தலை நிமிராமல் கேட்டார். "கட்-ஆஃப் எவ்வளவும்மா?" அந்தப் பெண்ணுக்குக் கணக்கு மனப்பாடம். கணிதத்தில் 92, அது அப்படியே. இயற்பியலில் 85, அதில் பாதி 42.5. வேதியியலில் 88, அதில் பாதி 44. "நூத்தி எழுபத்தெட்டு புள்ளி அஞ்சுண்ணா." அவர் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தார்.

கூட வந்த அப்பா அதிகாலையிலேயே நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகையை இறக்கிவிட்டு வந்தவர். மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்தார். பேச்சுப் போட்டிச் சான்றிதழ் நான்கு, என்.எஸ்.எஸ். முகாமில் கொடுத்தது ஒன்று, ஓவியத்துக்கு இரண்டு. "இதையும் ஏத்திவிடுங்க தம்பி." இளைஞர் திரையை மேலும் கீழும் நகர்த்திக் காட்டினார். "இதுக்கெல்லாம் கட்டமே கிடையாதுண்ணே." அப்பா உறையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டம் ஒரு காலத்தில் இருந்தது. அதற்கு 75 மதிப்பெண்ணும் இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு தலைமுறைக் காலம், ஒரு மாணவனைக் கல்லூரியில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் முதல்வரின் அறைக்குள் முடிவான விஷயம். விண்ணப்பத்தை அவர் பார்த்தார், பையனையும் பார்த்தார், பையனின் அப்பாவையும் பார்த்தார். யாருடைய பிள்ளைகள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார்களோ, அவர்களின் சொந்தபந்தங்களே திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். 1922இல் நீதிக்கட்சி அரசு அந்த அறையின் கதவைத் திறந்தது. சேர்க்கையை முதல்வர் ஒருவரே முடிவு செய்யக் கூடாது, அதற்கென்று ஒரு குழு இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதே 1922இல், கடல் கடந்து இன்னொரு கல்லூரியின் விண்ணப்பப் படிவத்திலும் ஒரு திருத்தம் நடந்துகொண்டிருந்தது.

அது ஹார்வர்டு. அங்கே மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள் ஆகியிருந்தார்கள். எல்லோரும் தேர்வெழுதி, மதிப்பெண் வாங்கி வந்தவர்கள். தலைவர் லோவலுக்கு அது கவலையாகிவிட்டது. அந்த ஆண்டின் படிவத்தில் புதிய கேள்விகள் முளைத்தன. இனம் என்ன, மதம் என்ன, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, தந்தை பிறந்த ஊர் எது, பிறந்த பிறகு குடும்பப் பெயர் எதுவும் மாற்றப்பட்டதா? யூதர்களுக்கு நேரடியான உச்சவரம்பு வைக்கும் யோசனையை ஆசிரியர்கள் 1923இல் நிராகரித்தார்கள். ஆனால் 1926இல் வேறு வழி பிறந்தது. மதிப்பெண் மட்டும் போதாது, 'குணநலனும்' பார்க்கப்படும், புகைப்படமும் இணைக்க வேண்டும் என்று விதி வந்தது. யூத மாணவர்களின் எண்ணிக்கை சரிந்தது. முழு மனிதனையும் பார்க்கிறோம் என்று இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பெருமையோடு கேட்கும் கட்டுரைகளுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் பின்னால் இப்படி ஒரு கறை உண்டு. சென்னை அதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தது. ஆனால் அந்தப் பாதையிலும் ஒரு பள்ளம் காத்திருந்தது.

சென்னை எடுத்த வழி வகுப்புவாரி உரிமை. அரசு வேலைகளுக்காகப் பிறந்த அந்த ஆணை கல்லூரி இடங்களுக்கும் விரிந்தது. 1947க்குப் பிறகு கணக்கு இப்படி இருந்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. பல தலைமுறைகளாகப் பூட்டிக் கிடந்த கதவுகள் இதனால் திறந்தன என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் 1950 ஜனவரி 26 அன்று புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நான்கே மாதம் கழித்து, ஜூனில், ஒரு பெண் உயர்நீதிமன்றத்தின் படியேறினார்.

செண்பகம் துரைராஜன் என்பது அவர் பெயர். மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காததற்குத் தன் சாதிதான் காரணம் என்பது அவர் வாதம். சி.ஆர். சீனிவாசன் என்ற இளைஞரும் பொறியியல் இடம் கேட்டு வழக்குத் தொடுத்தார். விருப்பப் பாடங்களில் 450க்கு 369 வாங்கியிருந்தவர் அவர். உயர்நீதிமன்றம் ஜூலையில் ஆணையைச் செல்லாது என்றது. பெரியார் வீதிக்கு வந்தார், மாகாணம் கொதித்தது. அரசு உச்சநீதிமன்றம் போனது. 1951 ஏப்ரல் 9 அன்று அங்கும் தோற்றது. அந்தத் தீர்ப்பைப் படிப்பவர்கள் ஒரு வரியில் வந்து திகைத்து நிற்பார்கள்.

செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகவே அவருடைய பிரமாணப் பத்திரத்தில் இல்லை! விசாரித்தபோது, பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரியவந்தது, அதனால் விண்ணப்பிக்கவில்லை. அவ்வளவுதான். இந்திய மாணவர் சேர்க்கையின் வரலாற்றையே திருப்பிய வழக்கு, நிரப்பப்படாத ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அதன் எதிரொலி டெல்லியில் இரண்டே மாதத்தில் கேட்டது. 1951 ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய 15(4) பிரிவு வந்தது. இடஒதுக்கீடு பிழைத்தது. எல்லோருக்கும் சேர்த்துப் பங்கு போட்ட 14 இடக் கணக்கு பிழைக்கவில்லை. பொதுப் போட்டிக்கென்று ஒரு பெரிய பகுதி திறந்துகொண்டது. அந்தப் பொதுப் பகுதியில் யாரை முன்னே நிறுத்துவது, யாரைப் பின்னே நிறுத்துவது?

மாவட்டத்துக்கு இத்தனை என்று பிரித்துப் பார்த்தார்கள். ராமநாதபுரத்துப் பிள்ளை சென்னைப் பிள்ளையோடு மோத வேண்டாம் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. ஆனால் ஒரு மாவட்டத்தில் இடம் கிடைத்தவரைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர் பக்கத்து மாவட்டத்தில் வெளியே நின்றார். 1968 ஜனவரியில் ராஜேந்திரன் வழக்கில் உச்சநீதிமன்றம் மாவட்டக் கணக்கை ரத்து செய்தது. பிற்படுத்தப்பட்ட சாதிப் பட்டியல் செல்லும் என்று உறுதி செய்ததும் அதே தீர்ப்புதான். மாவட்டம் போனது. அரசு, மருத்துவக் கல்லூரிகளை அலகு அலகாகப் பிரித்து, ஒவ்வொரு அலகுக்கும் ஒரு தேர்வுக்குழு போட்டது. மாணவர்கள் அந்தக் குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும்.

அந்த அறையில்தான் மஞ்சப்பைக்குள் போன சான்றிதழ்களுக்கு மதிப்பு இருந்தது. விருப்பப் பாடங்களுக்கு 200 மதிப்பெண், நேர்காணலுக்கு 75. அந்த 75ஐ எதற்காகக் கொடுக்க வேண்டும் என்று விதியே ஐந்து தலைப்பு வைத்திருந்தது. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சிறப்புத் தொண்டு, உடல் உறுதி, பொதுத் திறன், படிப்புக்கேற்ற நாட்டம். எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. மருத்துவராகப் போகிறவருக்கு நோயாளியிடம் பேசத் தெரிய வேண்டாமா? ஓடியாட உடம்பில் தெம்பு வேண்டாமா? காகிதத்தில் அது அழகான பட்டியல். அறைக்குள் நடந்தது வேறு.

பெரியகருப்பன் வழக்கு 1970 செப்டம்பரில் தீர்ப்பானபோது அது வெளியே வந்தது. தேர்வுக்குழுக்கள் ஐந்து தலைப்புக்கும் தனித்தனியே மதிப்பெண் போடவில்லை, மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டிருந்தன. ஒரு குழுவின் கை தாராளம், இன்னொரு குழுவின் கை இறுக்கம். எந்தக் குழுவின் முன் உட்கார நேர்ந்தது என்பதே ஒருவர் மருத்துவராவதை முடிவு செய்தது. நீதிபதி ஹெக்டே அலகுமுறையையும் அந்த மொத்த மதிப்பெண்ணையும் ஏற்கவில்லை. பத்தாண்டு கழித்து, 1980 நவம்பரில், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது மிச்சமிருந்த திரையும் கிழிந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம். கேட்ட கேள்விகள் பாடத்தைப் பற்றியவை அல்ல, அப்பா யார், வீடு எங்கே என்பவை. நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கொடுப்பது தன்னிச்சை என்றது நீதிமன்றம்.

இரண்டு நிமிடம் ஒரு முகத்தைப் பார்த்தால் என்ன தெரியும்? சட்டை தெரியும், நாக்கில் ஆங்கிலம் புரள்கிற விதம் தெரியும், அப்பாவின் பெயர் தெரியும். செம்பட்டிப் பக்கத்துப் பையனுக்கு அந்த இரண்டு நிமிடத்தில் நா உலர்ந்துபோகும் என்பதும் தெரியும். அவன் ஆத்தூர் வயலில் நாற்றுக் கட்டு சுமந்தது மட்டும் உடல் உறுதியின் கீழ் வராது. நேர்காணலைப் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்லும்போது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முகம் பார்த்துச் சேர்ப்பதில் நல்லதும் நடக்கக்கூடும். செம்பட்டிக்குக் கூப்பிடு தூரத்தில், சின்னாளபட்டியை ஒட்டி, டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கி, 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிலையத்தையும் கண்டார்கள். கிராமத்துக்கு உழைக்கிற மனம்தான் அங்கே கல்வியின் அடிப்படை. அந்த மனத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. ஆனால் பார்க்கிறவர் சௌந்திரமாக இருந்தால்தான் அது பலிக்கும். ஆயிரக்கணக்கான இடங்களுக்கு அத்தனை சௌந்திரங்களுக்கு எங்கே போவது? அரசு வேறொரு பதில் தேடியது.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்வில் 100, ஆக 300. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, கணினி திருத்திவிடும். பரிந்துரைக் கடிதத்தோடு சென்னைக்கு ரயிலேறிய காலம் முடிந்தது என்று பெற்றோர் பெருமூச்சு விட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறையும் சேர்ந்துகொண்டது. திண்டுக்கல்லில் இரவு பஸ் ஏறி, விடியலில் கிண்டியில் இறங்கி, அண்ணா பல்கலைக்கழக மரத்தடியில் இட்லிப் பொட்டலம் பிரித்து, பெரிய திரையில் காலி இடங்கள் ஒவ்வொன்றாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! அந்தக் கூட்டத்தில் ஒரு வகை முகம் மட்டும் எதிர்பார்த்த அளவு வரவில்லை.

கிராமத்து முகம்தான் அது. நுழைவுத் தேர்வுக்கென்று தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. பயிற்சி நகரத்தில் இருந்தது, பணம் கேட்டது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு நகரத்துப் பிள்ளைகள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் பூப்பறிக்கவும் தறிக்கும் போனார்கள். முகம் பார்க்காத தேர்வுதான், ஆனால் வீட்டுப் பணப்பெட்டியைப் பார்த்தது. கிராமப்புற மாணவர்க்கு 15 விழுக்காடு, பிறகு 25 விழுக்காடு என்று தனி ஒதுக்கீடு கொடுத்துப் பார்த்தார்கள். நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. எஞ்சியிருந்த ஒரே வழி தேர்வையே எடுத்துவிடுவது.

அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. 2005இல் ஜெயலலிதா அரசு ஆணை போட்டது, உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் சட்டமாகவே கொண்டுவந்தது, பிப்ரவரியில் அதுவும் ரத்தானது. பல பாடத்திட்டங்களில் படித்தவர்களை ஒரே தட்டில் எப்படி நிறுப்பது, பொதுத் தேர்வு வேண்டும் என்கிற மத்திய விதியை எப்படிக் கடப்பது என்ற இரண்டு முடிச்சுகள் அவிழாமல் கிடந்தன. மே மாதம் ஆட்சி மாறியது. கொள்கை மாறவில்லை. புதிதாக வந்த கருணாநிதி அரசு, அதே முடிச்சுகளைக் கல்வியாளர் எம். ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் கையில் கொடுத்தது.

முதல் முடிச்சுக்கு ஒரு எளிய கணக்கு கிடைத்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு பாடத்திட்டத்தில் உச்சம் 90 என்றால், அந்த 90ஐ 100க்குச் சமமாக வைத்துக்கொள்வது. அங்கே 60 வாங்கியவருக்கு அது 66.67 ஆகும். இரண்டாவது முடிச்சுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. மாநிலச் சட்டம் மத்திய விதியோடு மோதினாலும் அந்த ஒப்புதல் இருந்தால் மாநிலத்துக்குள் செல்லும். அந்தக் கையெழுத்து 2007 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு உயர்நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. 300இல் 100 உதிர்ந்து, 200 மட்டும் மிஞ்சியது.

அதுதான் கட்-ஆஃப். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. முதல்வரின் அறை, 14 இடக் கணக்கு, மாவட்டம், அலகு, நேர்காணலின் 75, நுழைவுத் தேர்வின் 100 என ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு எஞ்சிய எண். டீக்கடையில் நாலு வார்த்தைக்கு நடுவே விசாரிக்கப்படுகிற இந்த எண்ணைப் பெற்றெடுக்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பிறந்த கையோடு அது ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது.

ஒரே கட்-ஆஃபில் பல பேர் நின்றார்கள். 100 மதிப்பெண் தேர்வு இருந்தவரை தசமப் புள்ளிகள் அவர்களைப் பிரித்து வைத்திருந்தன. இப்போது 178.5இல் ஒரு கூட்டம், 190இல் ஒரு கூட்டம். கணிதத்தில் யார் அதிகம், பிறகு இயற்பியலில் யார் அதிகம், பிறந்த தேதிப்படி யார் மூத்தவர் என்று ஒவ்வொரு சல்லடையாகப் போட்டார்கள். எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருப்பவர்கள் அப்படியும் மிஞ்சினால் என்ன செய்வது? ஒரு ஆளைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லலாம். இந்த மாநிலம் அதைச் செய்யத் தயாராக இல்லை. கணினி ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பத்து இலக்கத்தில் ஒரு எண்ணைக் கண்மூடித்தனமாகப் போட்டுக் கொடுத்தது. அதற்கு ரேண்டம் எண் என்று பெயர். பெரிய எண் வைத்திருப்பவர் முன்னே போவார்.

ஆனால் கண்ணை மூடியே வைத்திருக்கவும் முடியவில்லை. 2010இல் முதல் பட்டதாரிச் சலுகை வந்து, வீட்டில் இதற்குமுன் யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று படிவம் கேட்டது. 2017இல் மருத்துவப் படிப்பு இந்த 200ஐ விட்டு நீட் நுழைவுத் தேர்வின் பக்கம் போனது. அந்த ஆண்டு, 1200க்கு 1176 வாங்கி, 196.75 கட்-ஆஃப் வைத்திருந்த அரியலூர் மாவட்டத்து அனிதா உச்சநீதிமன்றம் வரை போய்ப் போராடினார். இடம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று அவர் இறந்துபோனார். பழைய கணக்கில் மருத்துவக் கல்லூரி வாசல் அவருக்குத் திறந்தே இருந்திருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2020இல் மருத்துவத்திலும், மறு ஆண்டு பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு கிடைத்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி என்று ஒரு புதிய கட்டம் படிவத்தில் சேர்ந்தது.

செம்பட்டி பிரவுசிங் சென்டரில் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வரிசையிலும் அரசுப் பள்ளியின் பெயர் ஏறியது. முதல் பட்டதாரியா என்ற கட்டத்தில் இளைஞர் ஆம் என்று அழுத்தினார். கிண்டிக்குப் போகிற வேலை இப்போது இல்லை. 2018 முதல் பொதுக் கலந்தாய்வு இணையத்தில்தான். ரசீது அச்சாகி வந்தது. அப்பா அதை மடிக்காமல், சான்றிதழ் உறைக்கு மேலே வைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து ரேண்டம் எண் வெளியானது. அவளுடையது ஒன்பதில் தொடங்கியது. மல்லிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், பத்து இலக்கத்தையும் அப்பா தன் கையாலேயே எழுதி வைத்தார். பெரிய எண்ணா சின்ன எண்ணா என்று மகளிடம் கேட்டார். பெரிய எண்தான்ப்பா என்றாள் அவள்.